குழி ஒன்று, கதவு மூன்று

மலேசியாவின் பேராக் மாநிலத்திலுள்ள கோப்பெங்கில் சாலைக் குழி ஒன்றைப் பற்றிப் புகார் செய்ய நினைப்பவர், அந்தக் குழி யாருக்குச் சொந்தம் என்று முதலில் கண்டுபிடிக்க வேண்டும். ஈப்போவிலிருந்து சிம்பாங் பூலாய் வழியாக ஊருக்குள் நுழைந்து கம்பார் நோக்கிப் போகும் பெரிய சாலை, கூட்டரசு முதலாம் எண் சாலை. அதில் விழுந்த குழி பொதுப்பணி இலாகாவின் பொறுப்பு. அதிலிருந்து பிரிந்து தாமானுக்குள் போகும் தெருவில் என்றால் கம்பார் மாவட்ட மன்றத்தைக் கேட்க வேண்டும். இன்னும் உள்ளே, தோட்டத்து மண் பாதையில் என்றால் அது தோட்ட நிர்வாகத்தின் பாடு. மோட்டார் சைக்கிளின் முன்சக்கரத்துக்கு இந்த வேறுபாடெல்லாம் தெரியாது.

இணையத்திலும் இதே கதைதான். பொதுப்பணி இலாகாவுக்கு ஒரு தளம், மாவட்ட மன்றத்துக்கு ஒரு தளம், மாநில அரசுக்கு ஒன்று, எல்லா இலாகாக்களுக்கும் பொது வாசல் என்று இன்னொன்று. புகார் செய்யப் படிவங்களுக்குப் பஞ்சமில்லை. எந்தக் குழிக்கு எந்தப் படிவம் என்பதுதான் தெரியாது. இந்தக் குழப்பத்தைச் சீர்செய்வதற்கென்றே ஒரு தொழில் இருக்கிறது. அதைச் செய்பவரைத் தகவல் கட்டமைப்பாளர் என்கிறார்கள். நிறம் பூசுவதும் படம் வைப்பதும் நிரல் எழுதுவதும் அவர் வேலை அல்ல. எது எதோடு சேர வேண்டும், அதை எந்தப் பெயரால் அழைக்க வேண்டும், முகப்பிலிருந்து அதற்குப் போகும் வழி எது என்ற மூன்றையும் முடிவு செய்வதே அவர் வேலை. பெரிய பொதுத் தளத்தைத் திருத்தி அமைக்கும் அமைப்புகளில் சில இப்படி ஒருவரை முதலிலேயே அமர்த்துகின்றன. மற்றவை பணம் செலவான பிறகு தேடுகின்றன.

பக்கத்து நாட்டில் இது பிரதமரின் மேடைப் பேச்சுக்கே பொருளானது. 2014ஆம் ஆண்டு தேசிய தினப் பேரணி உரையில் சிங்கப்பூரின் அன்றைய பிரதமர் லீ சியென் லூங் ஒரு மீன் உருண்டைக் குச்சியின் கதையைச் சொன்னார். யாரோ தின்றுவிட்டு நடைபாதையோரம் போட்டுவிட்டுப் போன குச்சி அது. அதை அள்ள வேண்டியவர் யார் என்று பார்த்தால், சரிவான புல்தரை நில ஆணையத்துக்கு, நடுவே போகும் பூங்கா இணைப்புப் பாதை தேசியப் பூங்காக் கழகத்துக்கு, சாலையை ஒட்டிய நடைபாதை நிலப் போக்குவரத்து ஆணையத்துக்கு. காற்றடித்துக் குச்சி இரண்டடி நகர்ந்தால் பொறுப்பும் கைமாறும். அதே ஆண்டில் அங்கே நகராட்சிச் சேவைகளுக்கென ஓர் அலுவலகம் அமைந்தது; 2015இல் 'ஒன்சர்விஸ்' செயலி வந்தது. படம் எடுத்து அனுப்பினால் போதும், எந்த ஆணையத்தின் வேலை என்பதை உள்ளே இருப்பவர்கள் பிரித்துக்கொள்வார்கள். மூன்று ஆணையங்களும் முன்போலவே தனித்தனியாகத்தான் இருக்கின்றன. கதவு மட்டும் ஒன்றானது.

பொதுத் தளங்கள் ஏன் இப்படிச் சிதறிப்போகின்றன என்பதற்கு மெல்வின் கான்வே என்ற அமெரிக்கக் கணினி அறிஞர் 1968இலேயே ஒரு விளக்கம் எழுதினார். ஓர் அமைப்பு எதை வடிவமைத்தாலும், அந்த அமைப்புக்குள் யார் யாரோடு பேசுகிறார்கள் என்பதன் நகலாகவே அது வந்து முடியும் என்றார். பிறகு அது கான்வே விதி என்றே பெயர் பெற்றது. ஓர் இலாகாவின் தளத்தைத் திறந்து மெனுவைப் பார்த்தால் போதும்: தலைமை இயக்குநரின் உரை, நோக்கமும் குறிக்கோளும், பிரிவுகள், உட்பிரிவுகள், விருதுகள், படத்தொகுப்பு. அது இலாகாவின் அமைப்பு வரைபடமே தவிர வேறல்ல. மக்கள் தேடி வந்த காரியம் நான்காவது உட்பிரிவின் கீழ் ஒரு பிடிஎஃப் கோப்பாகக் கிடக்கும்.

கோப்பெங்கையே இந்தக் கண்ணோடு பார்க்கலாம். ஈப்போவுக்குத் தெற்கே சுமார் இருபது கிலோமீட்டரில், முதலில் வெள்ளீயத்தாலும் பிறகு ரப்பராலும் வளர்ந்த ஊர். இன்று பல நாடுகளில் கிளை பரப்பியிருக்கும் இயூ யான் சாங் மருந்துக்கடை 1879இல் தொடங்கியது இங்கேதான். 2009 வரை கோப்பெங் கிந்தா மாவட்டத்தில் இருந்தது. அந்த ஆண்டில் கம்பார் தனி மாவட்டமாகப் பிரிந்தபோது அதோடு போனது. ஆகவே பழைய ஆவணங்களில் ஒரு மாவட்டம், புதிய ஆவணங்களில் வேறொரு மாவட்டம். நாடாளுமன்றத் தொகுதியின் பெயர் கோப்பெங். ஆனால் ஈப்போவை ஒட்டிய சுங்கை ராப்பாட் சட்டமன்றத் தொகுதியும் அதற்குள் அடக்கம். அஞ்சல் குறியீடு 31600. மலேசியப் புள்ளிவிவரத் துறையின் 'ஓப்பன்டோசம்' தளத்தில் 'காவாசான்கு' என்ற பகுதி இருக்கிறது. மாவட்டப் பட்டியலில் கோப்பெங்கைத் தேடினால் கிடைக்காது. நாடாளுமன்றத் தொகுதிகளின் பட்டியலில் கிடைக்கும். தளம் இந்த வழிகளைத் தனித்தனியே திறந்து வைத்திருப்பதால் தேடுபவர் எப்படியோ வந்து சேர்ந்துவிடுகிறார். யாரோ யோசித்துச் செய்த வேலை அது.

இன்னொரு சிக்கலும் உண்டு. கோப்பெங்குக்கு அருகில் கோத்தா பாரு என்ற இடமும் அதே பெயரில் தோட்டமும் தமிழ்ப்பள்ளியும் இருக்கின்றன. தீபகற்பத்தின் வடகிழக்கே கிளந்தான் மாநிலத்தின் தலைநகரும் கோத்தா பாருதான். மலாயில் எழுதும்போது எழுத்தில் சிறிய வேறுபாடு காட்டுவார்கள். தமிழில் அதுவும் இல்லை. தேடல் பெட்டியில் பெயரைத் தட்டுபவருக்கு மலைத்தொடருக்கு அந்தப் பக்கத்துப் பள்ளியின் பக்கம் வந்து நின்றால் அது அவர் பிழையாகாது.

ஒரே பொருளுக்குப் பல முகவரிகள் இருப்பது தவிர்க்க முடியாதது என்றும், அத்தனை முகவரிகளையும் ஒழுங்காகக் கையாள ஒரு முறை வேண்டும் என்றும் வலைத்தளங்கள் வருவதற்கு ஏறத்தாழ அறுபது ஆண்டுகளுக்கு முன்பே யோசித்தவர் ஒரு தமிழர். சீர்காழியில் 1892இல் பிறந்த எஸ். ஆர். ரங்கநாதன் கணித ஆசிரியர். 1924இல் சென்னைப் பல்கலைக்கழகத்தின் முதல் நூலகராக அமர்த்தப்பட்டார். நூலகப் பணி அவருக்கு முதலில் பிடிக்கவில்லை, திரும்ப வகுப்பறைக்கே போய்விடப் பார்த்தார் என்பது நூலகர்கள் சிரித்தபடி சொல்லும் செய்தி. பயிற்சிக்காக லண்டனுக்கு அனுப்பப்பட்டார். அங்கே பெரிய நூலகங்களைப் பார்த்தபோது ஒரு குறை அவர் கண்ணில் பட்டது. அன்றைய வகைப்பாட்டு முறைகளில் ஒவ்வொரு பொருளுக்கும் முன்கூட்டியே ஓர் இடம் ஒதுக்கிவைத்திருப்பார்கள். புதிதாக ஒரு துறை முளைத்தாலோ, ஒரு புத்தகம் இரண்டு துறைகளைத் தொட்டாலோ வைக்க இடமில்லை.

விடை கிடைத்தது ஒரு பொம்மைக் கடையில். லண்டனின் செல்ஃப்ரிட்ஜஸ் அங்காடியில் 'மெக்கானோ' என்ற பொம்மைப் பெட்டியை விற்பனையாளர் செய்து காட்டிக்கொண்டிருந்தார். துளையிட்ட உலோகப் பட்டைகள், சக்கரங்கள், திருகாணிகள். அதே உறுப்புகளை மாற்றி மாற்றிப் பூட்டினால் விதவிதமான பொம்மைகள். பொருள்களை முன்கூட்டியே அடுக்கி வைப்பதை விட்டு, அவற்றின் உறுப்புகளை மட்டும் பட்டியலிட்டு, வேண்டும்போது பூட்டிக்கொண்டால் என்ன என்று ரங்கநாதன் நினைத்தார். பூட்டும் திருகாணியாக அவர் தேர்ந்தது முக்காற்புள்ளியை. 1933இல் வெளிவந்த அவருடைய கோலன் வகைப்பாட்டுக்குப் பெயர் வந்தது அதனால்தான். எந்தப் பொருளையும் ஐந்து முகங்களில் பார்க்கலாம் என்று பிற்பாடு வகுத்தார்: அது எது, எதனால் ஆனது, அதில் நடக்கும் செயல் என்ன, எங்கே, எப்போது.

ஷோப்பி இணையக் கடையில் செருப்பு வாங்குபவர் இதைத் தினமும் பயன்படுத்துகிறார். அளவு, நிறம், விலை, விற்பவர் இருக்கும் மாநிலம் என்று ஓரத்தில் வரும் கட்டங்களை எந்த வரிசையிலும் அழுத்தலாம். எந்த வழியாகப் போனாலும் அதே செருப்புக்கு வந்து சேரலாம். ரங்கநாதனின் முகங்கள்தான் அந்தக் கட்டங்கள். ஒரு செருப்புக் கடைக்குக் கிடைத்த இந்த வசதி, விடுமுறை நாள் பட்டியலுக்கும் கிடைக்க வேண்டாமா? பேராக் சுல்தானின் பிறந்தநாள் விடுமுறை பக்கத்துச் சிலாங்கூரில் கிடையாது. ஆனால் பல இடங்களில் விடுமுறைப் பட்டியல் இன்னும் பதினாறு பத்திகள் கொண்ட ஒரே பிடிஎஃப் அட்டவணைதான். கைப்பேசித் திரையில் அதைப் பெரிதாக்கி, இடமும் வலமும் நகர்த்திப் படித்து முடிப்பதற்குள் விடுமுறையே வந்துவிடும்.

தகவல் கட்டமைப்பு என்ற தொழிலின் பெயர் அமெரிக்காவில் பிறந்தது. கட்டடக்கலைஞரான ரிச்சர்ட் சால் வுர்மன் 1976இல் அந்நாட்டுக் கட்டடக்கலைஞர்கள் மாநாட்டுக்குத் தலைமையேற்றபோது தகவலின் கட்டமைப்பையே அதன் கருப்பொருளாக்கினார். வலைத்தளங்களுக்கு அதைக் கொண்டுவந்தவர்களோ நூலகக் கல்வி கற்றவர்கள். மிச்சிகன் பல்கலைக்கழகத்தில் நூலகவியல் படித்த லூயிஸ் ரோசன்ஃபெல்ட், பீட்டர் மோர்வில் இருவரும் 1998இல் எழுதிய கையேட்டின் அட்டையில் ஒரு பனிக்கரடி இருக்கும். இத்தொழிலில் இருப்பவர்கள் இன்றும் அதைப் பனிக்கரடிப் புத்தகம் என்றுதான் சொல்கிறார்கள். முகங்களாகப் பிரிக்கும் முறைக்கு அதில் உரிய இடம் உண்டு. சீர்காழிக்காரரின் யோசனை சென்னையிலிருந்து லண்டன், மிச்சிகன் வழியாக இணையத்துக்கு வந்த பாதை இது.

மக்கள் ஒரு தளத்தில் எப்படி வழி தேடுகிறார்கள் என்பதும் ஆராயப்பட்ட விஷயம். ஜெராக்ஸ் நிறுவனத்தின் கலிஃபோர்னியா ஆய்வகத்தில் பீட்டர் பிரோலி, ஸ்டூவர்ட் கார்ட் என்ற இருவர் 1990களில் ஒரு கோட்பாட்டை முன்வைத்தனர். காட்டு விலங்கு இரை தேடும்போது செலவாகும் உழைப்பையும் கிடைக்கப்போகும் உணவையும் எடைபோட்டுக்கொண்டே மோப்பம் பிடித்துப் போகிறது. மனிதரும் தகவலை அப்படியே தேடுகிறார்கள் என்றார்கள். இணைப்பில் இருக்கும் சொல்தான் வாடை. வாடை பிடிபட்டால் இன்னும் இரண்டு பக்கம் உள்ளே போவார்கள், இல்லையென்றால் விலகிவிடுவார்கள். 'இதர சேவைகள்' என்ற இணைப்பில் எந்த வாடையும் கிடையாது.

அதில் முதல் அடிக்குத் தனி மதிப்பு உண்டு. பாப் பெய்லி, காரி வுல்ஃப்சன் இருவரும் பல பயன்பாட்டுச் சோதனைகளின் தரவுகளை அலசியபோது, முதல் சொடுக்கு சரியான திசையில் அமைந்தவர்களில் 87 சதவீதம் பேர் காரியத்தை முடித்தார்கள். முதல் சொடுக்கே தவறியவர்களில் முடித்தவர்கள் 46 சதவீதம்தான். இன்னொரு ஆய்வு மெனுவின் ஆழத்தைப் பற்றியது. 1998இல் கெவின் லார்சன், மேரி செர்வின்ஸ்கி இருவரும் 512 பொருள்களை மூன்று விதமாக அடுக்கிப் பார்த்தார்கள். ஒவ்வொரு நிலையிலும் எட்டெட்டாக மூன்று நிலை ஒரு விதம். மற்ற இரண்டும் பதினாறும் முப்பத்திரண்டுமாக இரண்டே நிலை. எட்டெட்டாக வைத்த நேர்த்தியான அடுக்கில்தான் மக்கள் அதிக நேரம் தடுமாறினார்கள். மெனுவில் ஏழு வரிக்கு மேல் கூடாது என்று கூட்டத்தில் அடித்துப் பேசும் அதிகாரிகளுக்கு இதை எடுத்துக் காட்டலாம்.

எல்லாவற்றையும்விடக் கடினமானது பெயர் வைப்பது. ஜார்ஜ் ஃபர்னஸும் அவருடைய சக ஆய்வாளர்களும் 1987இல் வெளியிட்ட ஆய்வு இந்தத் தொழிலில் எல்லோரும் மேற்கோள் காட்டுவது. ஒரு பொருளுக்குத் தாமாக ஒரு பெயர் சொல்லச் சொன்னால், இரண்டு பேர் ஒரே சொல்லைச் சொல்லும் வாய்ப்பு இருபது சதவீதத்துக்கும் குறைவு. அதாவது இலாகா அதிகாரி தமக்குச் சரியென்று தோன்றும் பெயரைப் பக்கத்துக்கு வைத்தால், ஐந்தில் நான்கு பேர் அதை வேறு பெயரில் தேடுவார்கள். சரியான ஒரே பெயர் என்று ஒன்று கிடையாது. ஒரு பக்கத்துக்குப் பல பெயர்களைச் சேர்த்துக் கட்டிவைப்பதுதான் வழி என்று ஃபர்னஸ் குழு சொன்னது.

மலேசியாவில் இதற்கு நல்ல உதாரணம் உதவித்தொகை. குறைந்த வருமானக் குடும்பங்களுக்கு 2012இல் ஐந்நூறு வெள்ளி தரத் தொடங்கிய திட்டத்தின் பெயர் பிரிம். ஆட்சி மாறியபின் 2019இல் அது 'பந்துவான் சாரா ஹிடுப்' ஆனது. 2021இல் 'பந்துவான் பிரிஹாத்தின் ராக்யாட்', 2022இல் 'பந்துவான் கெலுவார்கா மலேசியா', 2023 முதல் 'சும்பாங்கான் துனாய் ரஹ்மா'. தொகையும் விதிகளும் இடையிடையே மாறின; மக்கள் வாயில் அது இன்னும் பிரிம்தான். தேடல் பெட்டியிலும் பலர் அதைத்தான் தட்டுவார்கள். பழைய பெயருக்கு விடை தராத தளம், அரசியல் பெயர்ப்பலகைக்குக் காட்டும் மரியாதையைக் கையில் காசில்லாதவருக்குக் காட்டவில்லை என்றுதான் சொல்ல வேண்டும்.

வேடிக்கை அதோடு நிற்கவில்லை. இந்த உதவித்தொகைக்கான விண்ணப்பத்தைக் கவனிப்பது உள்நாட்டு வருமான வரி வாரியம். நிர்வாகக் கண்ணோட்டத்தில் அதில் பொருள் உண்டு: குடும்ப வருமானத்தைச் சரிபார்க்கும் தரவு அவர்களிடம்தான் இருக்கிறது. ஆனால் வரி கட்டும் அளவுக்கு வருமானம் இல்லாத ஒருவர், உதவி கேட்க வரி அலுவலகத்தின் தளத்துக்குப் போக வேண்டும் என்று தாமாக எப்படி ஊகிப்பார்? பணத்தை எந்தப் பிரிவு வழங்குகிறது என்பது அரசுக்குத் தெரிந்தால் போதும். தகவல் கட்டமைப்பாளர் இலாகாக்களை இடம் மாற்ற மாட்டார். அந்த விண்ணப்பத்தை 'உதவித்தொகை' என்ற வாசலிலும் கொண்டுவந்து நிறுத்துவார்.

இதையெல்லாம் அவர் எப்படிக் கண்டுபிடிக்கிறார்? பெரிய தத்துவம் எதுவும் இல்லை. முதலில் கணக்கெடுப்பு. தளத்தின் ஒவ்வொரு பக்கத்தையும் ஒரு விரிதாளில் ஒரு வரியாகப் பதிவது: முகவரி, தலைப்பு, எழுதிய பிரிவு, கடைசியாகத் திருத்திய நாள், மாதத்தில் எத்தனை பேர் பார்க்கிறார்கள். சலிப்பூட்டும் வேலை, வாரக்கணக்கில் இழுக்கும். எட்டு ஆண்டுக்கு முந்தைய கருத்தரங்கின் அழைப்பிதழும், ஒரே படிவத்தின் மூன்று பதிப்புகளும், இடமாற்றலாகிப் போன அதிகாரியின் தொலைபேசி எண்ணும் வெளியே வருவது அப்போதுதான். அடுத்தது தேடல் பதிவுகள். மக்கள் பெட்டியில் என்ன தட்டினார்கள் என்பதை அவர்கள் செய்த எழுத்துப்பிழையோடு அப்படியே படிப்பது. ஆயிரம் பக்கமுள்ள தளத்தில் பெரும்பாலோர் தேடி வருவது ஒரு கைப்பிடிக் காரியங்களை மட்டுமே என்பது அங்கே தெரிந்துவிடும்.

பிறகு வருவது அட்டை அடுக்குதல். கோப்பெங்கில் அப்படி ஓர் அமர்வு நடந்தால் எப்படி இருக்கும் என்று பார்க்கலாம். ஒரு மண்டபம், ஒரு மேசை, நாற்பது அட்டைகள். ஒவ்வொன்றிலும் ஒரு காரியம்: குழந்தை பிறந்ததைப் பதிவது, தொலைந்த அடையாள அட்டை, வேலையிடத்தில் அடிபட்டால், நிலவரி, வீட்டு வரி, தண்ணீர்க் கட்டணம், முதியோர் உதவி, குப்பை அள்ள வரவில்லை. பால்மரம் வெட்டி ஓய்வு பெற்ற ஓர் அம்மாவிடம் கொடுத்து, சேர்ந்திருக்க வேண்டியவற்றைச் சேர்த்து வைக்கச் சொல்கிறார்கள். அவர் நிலவரி, வீட்டு வரி, தண்ணீர்க் கட்டணம் மூன்றையும் ஒன்றாக வைக்கிறார். "ஏன்மா இத இங்க வச்சீங்க?" என்று கேட்டால், "எல்லாம் நம்ம கட்ட வேண்டியதுதானே ஐயா" என்பார். இலாகா அதிகாரி அதே மூன்று அட்டைகளை மூன்று மூலையில் வைப்பார்: நிலவரி மாவட்ட நில அலுவலகம், வீட்டு வரி மாவட்ட மன்றம், தண்ணீர் பேராக் நீர் வாரியம். அதிகாரி சொல்வதில் தவறில்லை. தளம் யாருக்காக என்பதுதான் கேள்வி.

இப்படிப் பதினைந்து பேரை உட்காரவைத்தால் போதும், பெரும்பாலான உண்மை தெரிந்துவிடும் என்று பயன்பாட்டு ஆய்வாளர் ஜேக்கப் நீல்சன் 2004இல் பரிந்துரைத்தார். அதற்கு மேல் செலவுதான் கூடும், புதிதாகத் தெரிவது குறைவு. அடுக்கி முடித்தபின் தலைகீழ்ச் சோதனை ஒன்று உண்டு. நிறமும் படமும் இல்லாமல் மெனுச் சொற்களை மட்டும் காட்டி, ஒரு சூழ்நிலையைச் சொல்வார்கள்: "உங்கள் பேரக்குழந்தை பிறந்து ஒரு மாதம் ஆகிறது, இன்னும் பிறப்புப் பத்திரம் எடுக்கவில்லை, எதை அழுத்துவீர்கள்?" தீபகற்ப மலேசியாவில் பிறப்பை அறுபது நாளுக்குள் பதிய வேண்டும், தவறினால் தாமதப் பதிவு, கூடுதல் ஆவணம், கூடுதல் அலைச்சல். பத்திரம் இல்லாமல் வளர்ந்து, பன்னிரண்டு வயதில் அடையாள அட்டை எடுக்கப் போகும்போது திணறிய பிள்ளைகளின் கதைகள் தோட்டங்களில் புதிதல்ல. அந்த முதல் சொடுக்கு எங்கே விழுகிறது என்பது அழகு பற்றிய கேள்வி அல்ல.

இத்தனையையும் ஒரு நாடு முழுமைக்கும் செய்து பார்த்தது பிரிட்டன். 2010இல் மார்த்தா லேன் ஃபாக்ஸ் என்ற இணையத் தொழில்முனைவரிடம் அரசின் பொதுத் தளத்தைப் பரிசீலிக்கச் சொன்னார்கள். ஒட்டுப்போட்டுச் சரிப்படுத்த முடியாது, அடியோடு மாற்ற வேண்டும், இலாகாக்களின் கையில் இருந்து உள்ளடக்க அதிகாரத்தை ஒரே மையக் குழுவுக்கு மாற்ற வேண்டும் என்று அவர் எழுதிக் கொடுத்தார். 2011 மே மாதம் ஒரு சிறு குழு முன்மாதிரியை வெளியிட்டது. 2012 அக்டோபர் 17ஆம் தேதி கவ்.யூகே தளம் திறந்து, பழைய இரண்டு பெருந்தளங்களின் இடத்தைப் பிடித்தது. 2014 முடிவதற்குள் எல்லா அமைச்சுகளும், முந்நூறுக்கும் மேற்பட்ட அரசு அமைப்புகளும் தங்கள் தனித் தளங்களை மூடிவிட்டு அதற்குள் வந்தன.

வேலை நடந்த முறை கவனிக்க வேண்டியது. ஒவ்வொரு பக்கத்துக்கும் ஒரு தேவை எழுதப்பட்டது: இன்னாராகிய எனக்கு இன்னது வேண்டும், இன்ன காரியத்துக்காக. அந்த வரியை எழுத முடியாத பக்கம் புதிய தளத்துக்கு வரவில்லை. பல பத்தாயிரமாக இருந்த பக்கங்கள் சில ஆயிரமாகச் சுருங்கின. பொது விடுமுறைப் பக்கம் அதற்கு நல்ல சான்று. பெரும்பாலோர் கேட்பது அடுத்த விடுமுறை எப்போது என்பதையே. ஆகவே பச்சைக் கட்டத்துக்குள் பெரிய எழுத்தில் அந்தத் தேதி மட்டும் நிற்கும், மற்றவை கீழே. படமோ வரவேற்புரையோ இல்லாத இந்தத் தளத்துக்கு லண்டன் வடிவமைப்பு அருங்காட்சியகம் 2013ஆம் ஆண்டின் சிறந்த வடிவமைப்பு விருதைக் கொடுத்தது. மூடிய தளங்களின் பழைய முகவரிகளைத் தட்டினாலும் புதிய பக்கத்துக்கு அழைத்துப் போகும்படி வழிமாற்றும் செய்தார்கள். நல்ல முகவரி மாறுவதில்லை என்ற பொருளில், வலையை உருவாக்கிய டிம் பெர்னர்ஸ்-லீ 1998இலேயே எழுதியிருந்தார்.

வெற்றிக்கதை அத்தோடு முடியவில்லை. நூற்றுக்கணக்கான அமைப்புகள் உள்ளே வந்து, பக்கங்கள் லட்சக்கணக்கில் பெருகியபின், ஒன்றோடொன்று மோதும் பல வகைப்பாடுகள் தளத்துக்குள்ளேயே முளைத்தன. அவற்றை ஒரே பொருள் அடுக்காக்கும் வேலையைக் கல்வித் துறைப் பக்கங்களிலிருந்து மறுபடி தொடங்க வேண்டியிருந்தது. நூலகம் வளர்ந்துகொண்டே இருக்கும் உயிர் என்ற பொருளில் ரங்கநாதன் 1931இல் ஒரு விதியை வகுத்தபோது நினைத்தது இதைத்தான். ஆகவே கட்டமைப்பாளரை ஆறு மாத ஒப்பந்தத்தில் எடுத்து, வரைபடத்தை வாங்கிக்கொண்டு அனுப்பிவிடுவது பாதி வேலை. இரண்டாம் ஆண்டில் புதிய பக்கம் எங்கே போகும், யார் அனுமதிப்பார், பழையதை யார் நீக்குவார் என்பதற்கு ஆள் வேண்டும்.

நீக்கும் அதிகாரம்தான் எல்லா இடத்திலும் தகராறு. எந்தப் பிரிவும் தன் பக்கத்தைத் தானாக விட்டுக்கொடுக்காது. முகப்பில் இடம் பிடிப்பது ஒரு கௌரவப் பிரச்சினை. பிரிட்டனில் அந்தச் சண்டையில் மையக் குழு வென்றது, அமைச்சர் மட்டத்தில் அதற்கு ஆதரவு இருந்ததால். அப்படி ஆதரவு இல்லாத இடத்தில் எவ்வளவு திறமையான கட்டமைப்பாளரை அழைத்து வந்தாலும் அவர் செய்யக்கூடியது மெனுவுக்குப் புதுச் சாயம் பூசுவது மட்டுமே. பட்டியல் வைத்து நட்சத்திரத் தரம் போடும் மதிப்பீடுகளும் பெரிதாக உதவுவதில்லை. படிவம் தளத்தில் இருக்கிறதா என்பதைப் பட்டியல் சரிபார்க்கும். கோப்பெங்கிலிருந்து வந்தவர் அதைக் கண்டுபிடித்தாரா என்பதைச் சரிபார்க்காது.

சிங்கப்பூர் 2018இல் தொடங்கி, பிறகு 'லைஃப்எஸ்ஜி' என்று பெயர் மாற்றிய செயலி இன்னொரு திசையைக் காட்டுகிறது. அமைச்சுகளின் பெயரால் அல்லாமல் வாழ்க்கைக் கட்டங்களால் சேவைகளைத் தொகுத்தார்கள். 2022 மே மாத இறுதியிலிருந்து அங்கே பிறப்புச் சான்றிதழே மின்வடிவம்தான். பெற்றோர் கைப்பேசியிலேயே பதிவை முடித்துவிடுகிறார்கள். மலேசியாவிலும் 2023 டிசம்பரில் இலக்கவியல் அமைச்சு பிறந்தபின் பேச்சு இந்தப் பக்கம் திரும்பியிருக்கிறது. ஆனால் அரசுத் தளங்கள் பெரும்பாலும் மலாயும் ஆங்கிலமுமாக இருக்கும் நாட்டில், தமிழில் யோசிப்பவரின் சொற்கள் கணக்கெடுப்புக்குள் வராமலே போகலாம். சமூகப் பாதுகாப்பு நிறுவனத்தை 'சொக்சோ' என்று தேடுபவரை அதன் மலாய்ப் பெயரான 'பெர்கேசோ' பக்கத்துக்கும், 'பிறப்புப் பத்திரம்' என்று தமிழில் தட்டுபவரைப் பதிவு இலாகாவின் படிவத்துக்கும் கொண்டுசேர்ப்பது மொழிபெயர்ப்பைவிடச் செலவு குறைந்த வேலை. ஒரு சொற்பட்டியல் போதும். அந்தப் பட்டியலைப் புத்ராஜெயாவில் குளிர்சாதன அறைக்குள் உட்கார்ந்து தயாரிக்க முடியாது.

ஆகவே கூட்டரசோ மாநிலமோ மாவட்ட மன்றமோ தங்கள் தளத்தைச் சீரமைக்க அடுத்த முறை டெண்டர் விடும்போது இரண்டு நிபந்தனைகளைச் சேர்த்துக்கொள்ளட்டும். பக்கங்களை நீக்கும் அதிகாரம் யாருக்கு என்பதைப் பதவியோடு எழுதிவிட வேண்டும். அட்டை அடுக்கும் அமர்வுகளில் ஒன்றாவது ஈப்போ, கோலாலம்பூருக்கு வெளியே, கோப்பெங் போன்ற ஊரில், தமிழ் பேசுபவர்களை வைத்துத் தமிழிலேயே நடக்க வேண்டும். அப்படி ஓர் அழைப்பு உங்கள் ஊர் மண்டபத்துக்கு வந்தால், படித்த பிள்ளைகளை மட்டும் அனுப்பிவிட்டு இருந்துவிடாதீர்கள். வீட்டில் யார் படிவத்தைப் பார்த்து அதிகம் தடுமாறுகிறாரோ அவரையும் கூட்டிக்கொண்டு போங்கள்.